உபாத்தியாயர் சங்கங்களுக்கு ஜாதி ஒழிப்பு அன்னிய வேலையா?

நமது நாட்டில் சங்கம் வைத்துக் கொண்டிருக்கின்ற கூட்டத்தார்களில், உபாத்தியாயர்களைப் போல் கட்டுப்பாடும் தைரியமும் உடையவர்கள் மிகச் சிலரே என்று சொல்லலாம். 2003ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் உபாத்தியாயர்களும் சர்க்கார் சிப்பந்திகளும் தங்கள் உரிமைகளுக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, அன்றைய சர்க்கார் சுமார் 1,70,000 பேரை ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கிற்று. அப்படியும் சங்கங்கள் செத்துப் போய்விடவில்லை. 2019ஆம் வருஷம் ஜனவரியில் பழைய பென்ஷன் வேண்டுமென்று மறுபடியும் வீதிக்கு வந்தார்கள். இதை நாம் குறையாகச் சொல்ல வரவில்லை. உழைக்கின்றவன் தன் கூலிக்காகச் சண்டை போடுவது யோக்கியமான காரியமேயாகும்.

ஆனால், இவ்வளவு பலம் பொருந்திய சங்கங்கள் தங்கள் பள்ளிக்கூடத்திற்குள்ளேயே குடியிருக்கின்ற ஜாதியை ஒழிக்க என்ன செய்திருக்கின்றன என்று நாம் கேட்கின்றோம். மகாநாடு கூடிக் கண்டனத் தீர்மானம் செய்திருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. தீர்மானம் செய்கின்றவர்கள் கூட்டம் கலைந்தபின் எந்த வேலையில் இறங்கினார்கள் என்பதுதான் நமது கேள்வி.

நடந்திருக்கின்ற சங்கதிகளைக் கொஞ்சம் பாருங்கள். 2022ஆம் வருஷம் டிசம்பரில் ஈரோடு ஜில்லாவில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்தார் என்ற குற்றச்சாட்டின்மீது ஒரு தலைமை உபாத்தியாயினி கைது செய்யப்பட்டார். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், 12ஆம் வகுப்பில் படிக்கின்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனை, உடன்படித்த பிள்ளைகளே ராத்திரியில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. தன்னை ஜாதியின் பேரால் துன்புறுத்துகின்றார்கள் என்று அவன் பள்ளிக்கூடத்தில் சொன்னதுதான் அவன் செய்த குற்றம். அடுத்த மாதமே தூத்துக்குடி ஜில்லா எட்டயபுரத்திற்கு அருகில் உசிலம்பட்டி என்கின்ற ஊரில், காலைச் சிற்றுண்டியை ஆதிதிராவிடப் பெண் சமைத்தாள் என்பதற்காகப் பிள்ளைகள் அதைத் தொடாமலிருந்தார்கள். மந்திரியும் பார்லிமெண்டு அங்கத்தினரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

தோழர்களே! சேரன்மாதேவி குருகுலம் ஞாபகமிருக்கின்றதா? 1924, 25ஆம் வருஷங்களில், பொதுப்பணத்தில் நடந்த அந்தக் குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டார்கள் என்பதற்காகத் தமிழ்நாடே கொதித்து எழுந்தது. "எங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டால் உங்கள் பிள்ளைக்கு என்ன குறைந்துவிடும்?" என்று பார்ப்பனரல்லாதார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதே கேள்வியை அந்த ஆதிதிராவிடப் பெண் இன்று நம்மைப் பார்த்துக் கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்லுவது? மேலேயிருந்து விழுந்த அடிக்கு அழுதவன், அதே தடியைக் கையில் வாங்கித் தனக்குக் கீழேயிருப்பவனை அடிப்பானானால், அவன் தடியை வெறுத்தவனா? அடிக்கின்ற முறை தனக்கு வரவில்லையே என்று ஏங்கினவனா?

இதில் உபாத்தியாயர்களுக்கு மற்றவர்களைவிட அதிகப் பொறுப்பு உண்டு. இன்று பார்ப்பனரல்லாத உபாத்தியாயர்கள் இவ்வளவு பேர் கையில் சாக்பீஸ் பிடித்திருப்பது எந்தச் சாமி கொடுத்த வரம்? 1921ஆம் வருஷத்திலும் 1928ஆம் வருஷத்திலும் பிறந்த வகுப்புவாரி உத்தரவுகளும், அவை கோர்ட்டில் செல்லாதென்று ஆனபின் 1951இல் அரசியல் சட்டத்தையே திருத்திக் காப்பாற்றிய இடஒதுக்கீடும் போட்ட பாதையல்லவா அது? அந்தப் பாதையில் நடந்து வந்தவர்கள், தமக்குப் பின்னால் வருகின்றவனுக்கு முள்ளைப் போடலாமா?

நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் சர்க்கார் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களை ஒரு நபர் கமிட்டியாக நியமித்தது. அவர் 2024 ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தார். பள்ளிக்கூடங்களின் பெயரில் ஜாதி ஒட்டிக் கொண்டிருக்கக் கூடாது. ஜாதியைக் காட்டும் வர்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி இவைகளோடு மாணவர் வரக் கூடாது. ஒரு பகுதியில் பெருந்தொகையாயுள்ள ஜாதிக்காரரையே அங்கு ஹெட்மாஸ்டராகவும் கல்வி அதிகாரியாகவும் போடக் கூடாது. ஹெட்மாஸ்டர்களைக் குறித்த காலத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பவை அதில் சில. இவ்வளவும் ஒரு நீதிபதி வந்து சொல்ல வேண்டிய காரியங்களா? எந்தப் பையன் எந்த நிறத்தில் கயிறு கட்டியிருக்கின்றான், எந்தப் பெண் தண்ணீர்க் குழாயண்டை தயங்கி நிற்கின்றாள் என்பது தினம் பார்க்கின்ற உபாத்தியாயருக்குத் தெரியாததா? அவர் பார்த்ததை வைத்து அவர் சங்கமே இந்த வேலையை முதலில் எடுத்திருக்க வேண்டாமா?

சந்தவாசல், கண்ணமங்கலம், ஆரணி பக்கங்களில் நாம் கூட்டங்களுக்குச் செல்லும்போது, உபாத்தியாயத் தோழர்களோடு இதைப் பற்றிப் பேசுவதுண்டு. அவர்கள் சொல்லும் சமாதானங்கள் மூன்று.

முதலாவது, "சங்கம் சம்பளத்திற்காக ஏற்பட்டது, ஜாதி வேறு சங்கதி" என்பது. சம்பளம் வாங்கித் தின்பதற்கு மரியாதையும் வேண்டாமா? ஓர் ஆதிதிராவிட உபாத்தியாயர் வேலை பார்க்கும் ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் தினம் இரண்டு பஸ் மாறி வருகின்றாரென்றால், அது அவர் வேலை நிலைமையைப் பற்றிய விஷயமா, இல்லையா? அம்பேத்கர் அவர்கள் அமெரிக்காவில் படித்துத் திரும்பி, 1918இல் பம்பாய் சிடன்ஹாம் காலேஜில் புரொபசராக அமர்ந்தபோது, உபாத்தியாயர்களுக்கென்று வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் மொள்ளக் கூடாதென்று உடன் வேலை பார்த்த புரொபசர்களே ஆட்சேபித்தார்கள். அவருக்கு வந்த சம்பளம் அந்தப் பானையைத் திறந்து விட்டதா?

இரண்டாவது, "எங்களுக்குள் ஜாதியே கிடையாது" என்பது. அப்படியானால் ஆதிதிராவிட, பழங்குடி உபாத்தியாயர்கள் தனிச் சங்கம் வைத்துக் கொள்ள வேண்டிய அவசியம் ஏன் வந்தது? பெரிய வீட்டில் இடமிருந்தால் யாராவது மழையில் குடிசை கட்டிக் கொள்ளுவானா?

மூன்றாவது, "ஜாதியைப் பற்றிப் பேசினால் ஒற்றுமை போய்விடும், அங்கத்தினர் விலகிவிடுவார்கள்" என்பது. இதுதான் உண்மையான பயம். இதற்குப் பதில் சொல்ல, நமக்கு முன்பே இதே பயத்தில் கிடந்து எழுந்த ஒரு நாட்டைப் பார்ப்போம்.

இங்கு பிறப்பின் பேரால் நடக்கும் அக்கிரமம் அமெரிக்காவில் தோல் நிறத்தின் பேரால் நடந்தது. அங்கே வெள்ளை உபாத்தியாயர்களின் பெரிய ஸ்தாபனமான தேசியக் கல்விச் சங்கம் 1857இல் தோன்றியது. தென்பகுதி மாகாணங்களில் அதன் கிளைகள் கருப்பு உபாத்தியாயர்களைச் சேர்க்கவில்லை. ஆகவே கருப்பர்கள் 1904இல் தனிச் சங்கம் கண்டார்கள். 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நிறத்தின்படி பள்ளிக்கூடத்தைப் பிரிப்பது சட்ட விரோதம் என்று தீர்ப்புக் கூறிற்று. இதனால் கருப்பு உபாத்தியாயருக்கு நன்மை வந்ததென்று நினைக்கின்றீர்களா? பள்ளிக்கூடங்களை ஒன்றாக்கும் சாக்கில் வெள்ளையருக்கே இடம் கொடுத்தார்கள். 1965க்குள் தென்பகுதியிலும் அதன் எல்லைப் பகுதியிலும் சுமார் 38,000 கருப்பு உபாத்தியாயர்களும் தலைமை உபாத்தியாயர்களும் வேலை இழந்தார்கள் என்று கணக்குச் சொல்லுகின்றார்கள். சட்டம் வந்தால் மட்டும் போதாது, அதைக் காவல் காக்க ஒரு சங்கம் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

தென் கரோலினாவில் செப்டிமா கிளார்க் என்ற கருப்பு உபாத்தியாயினி 1916 முதல் வேலை செய்தவர். கருப்பு மக்களின் உரிமைச் சங்கத்திலிருந்து விலகமாட்டேன் என்று சொன்னதற்காக 1956இல் அவர் வேலையும் பென்ஷனும் பறிக்கப்பட்டன. கண்டிக்க வாருங்கள் என்று அவர் 726 கருப்பு உபாத்தியாயர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர். மற்றவர்கள் கெட்டவர்களல்ல, பயந்தவர்கள். தனி மனிதனைப் பயம் பிடிக்கும் என்பதால்தானே சங்கம் என்று ஒன்றை வைத்திருக்கின்றோம்? சங்கமும் பயந்தால் அப்புறம் யார் மிச்சம்? அந்த அம்மையார் வீட்டில் உட்கார்ந்து அழவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கருப்பு மக்களுக்கு ஓட்டுரிமை பெறும்படி எழுத்துச் சொல்லிக் கொடுக்கின்ற பள்ளிகளை ஊரூராக நடத்தப் புறப்பட்டார்.

இனி அங்கத்தினர் விலகுகின்ற பயத்தைப் பார்ப்போம். அங்குள்ள மற்றொரு ஸ்தாபனமாகிய உபாத்தியாயர் சம்மேளனம், 1954 வழக்கில் கருப்பர் பக்கம் நின்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது. 1956, 57இல், நிறபேதத்தை விடாத கிளைகள் நமக்கு வேண்டாமென்று வெளியேற்றிற்று. ஆயிரக்கணக்கான அங்கத்தினரை இழந்தது. ஆனாலும் அழிந்ததா? இன்றும் அது அந்நாட்டின் பெரிய தொழிற்சங்கங்களில் ஒன்றாக இருக்கின்றது. தயங்கித் தயங்கி நின்ற தேசியக் கல்விச் சங்கமும் 1964இல் கிளைகளுக்குக் கெடு வைத்தது. 1966இல் கருப்பர் சங்கத்தோடு ஒன்றாயிற்று. 1968இல் எலிசபெத் கூன்ட்ஸ் என்ற கருப்புப் பெண்மணியைத் தலைவராக ஏற்றது. அப்படியும் சில மாகாணக் கிளைகள் 1970களின் பின்பகுதி வரை முரண்டு பிடித்தன. பிற்பாடு, சிறுபான்மை இனத்தாருக்குப் பிரதிநிதிகளில் அவர்கள் தொகைக்குத் தக்க பங்கு கிடைக்க வேண்டுமென்பதைத் தன் விதிகளிலேயே எழுதிக் கொண்டது. இது என்ன? நாம் இங்கே கேட்டபோது "வகுப்புத் துவேஷம்" என்று பழி சுமத்தப்பட்ட வகுப்புவாரி உரிமையேயல்லாமல் வேறென்ன?

ஆரணியில் பட்டு நெய்கின்ற தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால், மற்ற இழையெல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றதென்று நெசவாளி தறியை ஓட்டிக் கொண்டே போவதில்லை. நிறுத்திப் பிணைத்துவிட்டுத்தான் மேலே நெய்வான். அறுந்த இழையைக் காட்டினவனைப் புடவையைக் கெடுத்தவன் என்றும் சொல்ல மாட்டான். ஜாதியைப் பேசினால் ஒற்றுமை கெடும் என்கின்றவர்களுக்கு இந்தத் தறிப்புத்தி இருந்தால் போதும்.

ஆகவே உபாத்தியாயர் சங்கங்களிடம் நாம் கேட்பது நான்கே காரியங்கள்.

ஒன்று: தாலூகா முதல் மாகாணம் வரை தங்கள் நிர்வாகிகளில் ஆதிதிராவிடர் எத்தனை, பழங்குடியினர் எத்தனை, பெண்கள் எத்தனை என்று கணக்கெடுத்துப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். குறைந்தால் விதியைத் திருத்தி இடம் கொடுக்க வேண்டும்.

இரண்டு: பிள்ளைகளிடம் ஜாதி பார்த்தவர் என்று விசாரணையில் ருஜுவான எவருக்கும் சங்கம் வக்காலத்து வாங்கக் கூடாது, அங்கத்தினராயும் வைத்துக் கொள்ளக் கூடாது.

மூன்று: வீடு கிடைக்காத, பள்ளியில் அவமானப்படுத்தப்பட்ட உபாத்தியாயருக்காகத் தாலூகாதோறும் ஒரு கமிட்டி வைத்து, சம்பளப் பாக்கிக்கு ஓடுகின்ற அதே வேகத்தில் ஓட வேண்டும்.

நான்கு: யார் சமைத்தாலும் அந்தச் சோற்றை உபாத்தியாயர் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்ண வேண்டும். மந்திரி ஒருநாள் வந்து சாப்பிடுவதைவிட, வாத்தியார் தினமும் சாப்பிடுவதைத்தான் பிள்ளை பார்த்துக் கற்றுக் கொள்ளும்.

இவற்றுக்குச் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. ஜாதி ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. மனிதன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து வளர்ந்தது. சொல்லிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அதை மறக்கவும் சொல்லிக் கொடுக்க முடியும். அந்த வேலையைத் தங்கள் சங்கத்திற்குள்ளேயே முதலில் ஆரம்பிக்கும்படி உபாத்தியாயத் தோழர்களைக் கேட்டுக் கொள்ளுகின்றோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்ற கிராமத்துத் தோழர்களும் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, "உங்கள் சங்கம் இதற்கு என்ன செய்தது?" என்று கேட்பார்களாக.