வண்டி ஷெட்டில் ஒரு கோடு

கராஜ் என்றதும், "அதெல்லாம் பங்களாவும் காரும் உள்ளவர்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நம் எல்லோர் வீட்டிலும் அப்படி ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது. சிலர் வீட்டில் அது ஷட்டர் போட்ட கார் ஷெட். சிலர் வீட்டில் பக்கச் சுவரை ஒட்டி இறக்கிய தகரச் சாய்ப்பு. இடம் குறைந்த வீட்டில் மாடிப்படிக்கு அடியில் மொபெட் நிற்கிற மூலை. வீட்டுக்குள் வைக்கப் பிடிக்காததும், வெளியே எறிய மனசு வராததும் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அதுதான்.

வளவனூரில் என் ஓரகத்தி வீட்டில் இருப்பது தகரச் சாய்ப்பு. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற வழியில் இருக்கிற ஊர் அது. கொஞ்சம் நிலமும் உண்டு. ஆகவே ஷெட்டில் வண்டிகள் மட்டுமா? மருந்து அடிக்கிற டேங்க், கடப்பாரை, மண்வெட்டி, கிழிந்த தார்ப்பாய், பழைய டயர், வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய பெயின்ட், இரண்டு மல்லாட்டை மூட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்). சமையலறையைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பவள், ஷெட்டுக்குள் மட்டும் துடைப்பத்தோடு நுழைந்ததே இல்லை. கேட்டால், "அது ஆம்பளைங்க எடம்க்கா. நான் கைய வச்சா, எதைக் காணோம்னாலும் எங்கிட்டதான் கேப்பாரு" என்பாள்.

ஒருநாள் மத்தியானம் அவளுடைய மூன்று வயதுப் பிள்ளை அந்த ஷெட்டிலிருந்து இருமிக்கொண்டே வந்தான். வாயில் பெயின்ட் வாசனை. கையில் தண்ணீர் பாட்டில். பெயின்டர் மிச்சம் வைத்துவிட்டுப் போன தின்னரை யாரோ அந்த பாட்டிலில் ஊற்றி, வாகாக ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரிதானே இருக்கிறது! வீட்டிலிருந்த பாட்டி பதறிப்போய் உப்புத் தண்ணீர் கரைத்துவிட்டார், வாந்தி எடுக்க வைக்கலாம் என்று. நல்லவேளை, அடுத்த வீட்டு நர்ஸ் ஓடிவந்து டம்ளரைப் பிடுங்கினார். பிள்ளை நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். மார்பில் சளி கட்டி, மூச்சு இரைத்து, பிறகு பிழைத்து வந்தான்.

அந்த நர்ஸ் ஏன் டம்ளரைப் பிடுங்கினார் என்பதை ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள வேண்டும். தின்னர், கெரசின், டர்பென்டைன், பெட்ரோல் இதெல்லாம் வயிற்றில் இருந்து செய்கிற கெடுதலைவிட, நுரையீரலுக்குள் இறங்கினால் செய்கிற கெடுதல்தான் பெரிது. வாந்தி எடுக்க வைத்தால் மேலே வரும்போது மூச்சுக் குழாயில் வழுக்கிப் போய்விடும். ஆகவே விரலை விட்டுக் குடையக்கூடாது. உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் கூடாது. துணியில் பட்டிருந்தால் கழற்றிப் போட்டு, தோலை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, 108-க்குப் போன் செய்யுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். குழந்தை சாதாரணமாக விளையாடுகிறதே என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்; இருமலும் காய்ச்சலும் சில மணி நேரம் கழித்தும் வரும். எங்கள் பக்கத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன. உங்கள் ஊருக்கு எது கிட்டம் என்பதை இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் விசாரிக்க முடியாது.

சரி, ஷெட்டுக்கு வருவோம். நான் வளவனூர் போனபோது இருவருமாகச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினோம். கொழுந்தனாரையும் விடவில்லை. அவர் சாமானை அவர்தான் அடையாளம் சொல்ல வேண்டும், இல்லையா?

முதலில் செய்தது ஒரு சின்ன வேலை. ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து, பிள்ளையை அதன்மேல் ஏற்றிக் கையைத் தூக்கச் சொன்னோம். விரல் நுனி எட்டிய இடத்துக்கு ஒரு சாண் மேலே, சுவரைச் சுற்றிக் கரியால் ஒரு கோடு. கிட்டத்தட்ட ஐந்தரை அடி உயரம் வந்தது. தரையில் நிற்கிற குழந்தையை வைத்து அளந்தால் ஏமாந்து போவோம். குழந்தை தரையில் மட்டுமா நிற்கிறது? குழந்தையைக் காயப்படுத்தக்கூடியது எதுவும் கோட்டுக்குக் கீழே இருக்கக்கூடாது என்பது தீர்மானம். அரிவாள், ரம்பம், ஆணி டப்பா, பிளேடு எல்லாம் மேலே போயின. ஆனால் கனமான சாமானை மேலே ஏற்றாதீர்கள். கடப்பாரை, சம்மட்டி, ஜாக்கி எல்லாம் தரையோடு, மூலையில், கயிற்றால் சுவர்க் கொக்கியில் கட்டி வைக்க வேண்டும். சாய்த்து வைத்த கடப்பாரை குழந்தையின் காலில் விழுந்தால் எலும்பு தாங்காது.

விஷ சாமானுக்குக் கோடு போதாது, பூட்டு வேண்டும். பழைய இரும்புப் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. பூச்சி மருந்து, களைக்கொல்லி, எலி மருந்து, ஆசிட், தின்னர் எல்லாம் என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டிவிடாதீர்கள். பிளீச்சிங் பவுடரும் கழிவறை ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சை அடைக்கிற வாயு. அவை இரண்டும் ஒரே பெட்டியில் கூடவே கூடாது. தின்னரும் பெட்ரோலும் வீட்டில் தேவைக்கு மேல் இருக்கவே வேண்டாம். மிஞ்சிய தின்னரை அன்றைக்கே பெயின்டரிடம் கொடுத்தனுப்பிவிடுங்கள். எதற்காவது உதவும் என்று வைத்ததுதானே இந்த வீட்டில் வினையாயிற்று!

பூச்சி மருந்து டப்பாவில் ஒரு சாய்சதுரக் கட்டம் அச்சடித்திருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதன் கீழ்ப்பாதி நிறம்தான் விஷத்தின் கடுமையைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. மஞ்சள்தானே என்று இளக்காரம் வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மஞ்சள் கட்டம்தான். ஒரு வாய் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து, மாற்று மருந்தும் கிடையாது. மருந்தை வேறு பாட்டிலுக்கு மாற்றும்போது இந்தக் கட்டமும் பெயரும் போய்விடுகின்றன. டாக்டர் என்ன மருந்து என்று கேட்டால் சொல்ல வழியில்லை. கூல்டிரிங்க் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்கக்கூடாது என்று வீட்டு ஆண்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்ரோல் மாற்ற, குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிறார்களே, அதையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

காற்று விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; தரையோடு ஊர்ந்து போகும். சமையல் கேஸும் அப்படித்தான். இன்வெர்ட்டர் பாட்டரி சார்ஜ் ஆகும்போது வருகிற ஹைட்ரஜன் இதற்கு நேர்மாறு. லேசானது, கூரைக்குப் போய்த் தங்கும். ஆகவே ஷெட்டுக்குத் தரையை ஒட்டி ஒரு துவாரமும், கூரைக்குக் கீழே ஒரு துவாரமும் வேண்டும். மேஸ்திரிக்கு அரை நாள் வேலை. எலி நுழையாமல் கம்பி வலை அடித்துவிடுங்கள். ஷெட்டில் கொசுவர்த்தி, சாமி விளக்கு, சிகரெட் எதுவும் கூடாது.

மின்சார ஸ்கூட்டர் வாங்கியவர்கள் இப்போது அதிகம். 2022 மார்ச்சில் வேலூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். ஸ்கூட்டரே கூடாது என்று சொல்ல வரவில்லை. என் ஓரகத்தியும் அதில்தான் கடைக்குப் போகிறாள். ஆனால் எல்லோரும் தூங்குகிற நேரத்தில் சார்ஜ் வேண்டாம். நீங்கள் விழித்திருக்கும் பகலில் போடுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு சொருகாமல் கொஞ்சம் ஆற விடுங்கள். கம்பெனி கொடுத்த சார்ஜரைத் தவிர வேறொன்றும் வேண்டாம். இழுத்துக் கட்டிய எக்ஸ்டென்ஷன் ஒயரும் வேண்டாம். முக்கியமாக, வீட்டுக்கு ஒரே வாசல் என்றால் அந்த வாசலில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். தீ வந்தால் வெளியே போக வழி வேண்டாமா?

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே 2022-ல், ஜூன் மாதம், திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கத்தில், நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். காரை ஓட்டாத நாளிலும் பூட்டித்தான் வைக்க வேண்டும். சாவியும் ஆணியில் தாழ்வாகத் தொங்கக்கூடாது. குழந்தையைக் காணோம் என்றால், கிணற்றடிக்கு ஓடுகிற மாதிரியே கார் கதவையும் உடனே திறந்து பாருங்கள்.

மல்லாட்டை மூட்டையை ஷெட்டிலிருந்து எடுக்கச் சொன்னபோது கொழுந்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "வேற எங்க வைக்கறது அண்ணி?" என்றார். கேள்வி நியாயம்தான். ஆனால் தானியம் இருந்தால் எலி வரும், எலி இருந்தால் பாம்பு வரும். எங்கள் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளில் நல்ல பாம்பும் உண்டு, கண்ணாடி விரியனும் உண்டு. போதாக்குறைக்குப் பூச்சி மருந்துக்குப் பக்கத்தில் தின்கிற பொருள்! கடைசியில் திண்ணையை ஒட்டிய அறையில், செங்கல் அடுக்கிப் பலகை போட்டு, அதன்மேல் மூட்டையை ஏற்றினோம். சுவரோடு ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி. ஷெட்டில் மிச்சமிருந்த சாமானையும் தரையிலிருந்து அரை அடி தூக்கி வைத்தோம். அடியில் துடைப்பம் போகிற மாதிரி இருந்தால் பாம்பு சுருண்டு கிடக்க மறைவு இருக்காது; கிடந்தாலும் கண்ணில் படும். இருட்டில் போனால் டார்ச் அவசியம். மூலைச் சாமானை வெறும் கையால் இழுக்காதீர்கள். கம்பால் தட்டிவிட்டு எடுங்கள்.

பழைய டயரைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம். டயருக்குள் தேங்கும் மழைத் தண்ணீர் ஒரு வாரம் பத்து நாளில் டெங்குக் கொசுவை உண்டாக்கிவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டை காய்ந்தபடியே பல மாதம் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

மழை என்றதும் ஃபெஞ்சல் ஞாபகம் வருகிறது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்த அந்தப் புயலில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஓரகத்தி வீட்டு ஷெட்டில் முழங்கால் தண்ணீர் நின்றது. சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. அதை அழிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். பிளக் பாயின்ட்டும் இன்வெர்ட்டரும் அதற்கு மேலே போயாக வேண்டும். உர மூட்டையும் மருந்துப் பெட்டியும் அப்படியே. இல்லாவிட்டால் விஷம் வெள்ளத்தில் கலந்து வீட்டுக்குள் வரும். தண்ணீரில் மூழ்கிய மின்சார ஸ்கூட்டரைக் காய்ந்துவிட்டது என்று சார்ஜ் போடாதீர்கள். மெக்கானிக் பார்க்கட்டும்.

இன்னொன்று ஜெனரேட்டர். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு பல ஊர்களில் எத்தனையோ நாள் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில், மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று ஜெனரேட்டரை ஷெட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடத் தோன்றும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், பிறகு எழுந்திருக்கவே முடியாது. மேலே சொன்ன துவாரங்கள் இதற்குப் போதாது. வெட்டவெளியில், ஜன்னலுக்குத் தள்ளித்தான் ஓட வேண்டும். மூடிய ஷெட்டில் காரை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டாலும் இதே ஆபத்து.

எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. செலவு மேஸ்திரி கூலி, கம்பி வலை, கொக்கிகள், இரண்டு பூட்டு, அவ்வளவுதான். உடைந்த கட்டில் பலகையைச் சுவரில் அறைந்து ஸ்பேனர், சுத்தியல் மாட்ட ஆணி அடித்தோம். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயின்டால் பலகையில் வரைந்துவிட்டார் கொழுந்தனார். எது காணோம் என்பது இப்போது பலகையைப் பார்த்தாலே தெரிகிறது. "எங்கிட்ட கேக்கறதே இல்லக்கா" என்கிறாள்.

மருந்துப் பெட்டிச் சாவிகள் இரண்டும் அவள் இடுப்புக் கொத்தில்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையை மறுபடி பக்கெட்டில் ஏற்றி அளக்கிறாள். போன தடவை கோடு இரண்டு விரல் மேலே போயிற்று.

அடுத்த இதழில்: மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது எப்படி?