ஒரு சொம்புத் தண்ணீர் போதுமே!

சென்னை அபார்ட்மென்ட்வாசியா நீங்கள்? அசோசியேஷன் மீட்டிங்குக்குப் போயிருப்பீர்கள். பார்க்கிங், லிஃப்ட், தண்ணீர் லாரி எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசி அரைமணி நேரம் அனல் பறக்கும். விஷயம், புல்வெளியில் ஆங்காங்கே மஞ்சள் வட்டம். குற்றவாளி, மூணாவது மாடி லாப்ரடார். தீர்ப்பு, 'இனிமேல் வளாகத்தில் நாய்களுக்கு அனுமதி இல்லை!'

கொஞ்சம் பொறுங்க சார்!

அந்த வட்டத்தைக் குனிந்து பாருங்கள். நடுவில் கருகியிருக்கும், ஓரத்தில் மட்டும் புல் கரும்பச்சையாகச் செழித்திருக்கும். விஷம் என்றால் ஓரம் செழிக்குமா? நாயின் சிறுநீரில் இருப்பது யூரியா. மூட்டை மூட்டையாக வாங்கிப் பயிருக்குப் போடுகிறோமே, அதே சரக்கு. அளவாக விழுந்த ஓரத்தில் உரம். மொத்தமாகக் கொட்டிய நடுவில் சூடு. பெண் நாய் உட்கார்ந்து ஒரே இடத்தில் விட்டுவிடும். ஆண் நாய் சுவர், டயர், விளக்குக்கம்பம் என்று ஊருக்கே பிரித்துக் கொடுக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

பரிகாரம்? நாய் நகர்ந்ததுமே அந்த இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். பெரிய நாய் என்றால் இரண்டு. ஏற்கெனவே கருகிய இடத்தைச் சுரண்டி, நன்றாகத் தண்ணீர் விட்டு, பக்கத்திலிருந்து கொஞ்சம் புல்லை வேரோடு எடுத்து நட்டால் மூடிக்கொள்ளும். இதை விட்டுவிட்டு, நாய்க்குத் தக்காளி ஜூஸ் கொடு, சமையல் சோடா கொடு என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். சிக்கல் புளிப்பில் இல்லை, நைட்ரஜனில். கண்டதைக் கொடுத்தால் நாயின் உடம்புதான் கெடும்.

நாய் வளர்க்கும் கனவான்களே, நீங்கள் சிரிக்க வேண்டாம். ஆயிரக்கணக்கில் கொட்டிக் குட்டி வாங்கத் தெரிந்த உங்களுக்கு, ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய பேப்பரும் எடுத்துப்போகத் தெரியாதா? வாட்ச்மேன் சங்கிலியைப் பிடிக்க, நீங்கள் பால்கனியில் காபி குடித்தால் அடுத்த வீட்டுக்காரர் கத்தத்தான் செய்வார். புல்லுக்குப் போகிறது அவருடைய மெயின்டெனன்ஸ் பணமும்தானே?

அசோசியேஷன் பெரியவர்களுக்கும் ஒரு தகவல். மெஜாரிட்டி கை தூக்கினாலும் வளர்ப்பு நாய்களுக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஒரு மூலையில் மணல் கொட்டி, 'நாய்கள் இங்கே' என்று போர்டு வையுங்கள். தடை போடுவதைவிடச் சுலபம்.

ஏனென்றால், உங்கள் நோட்டீஸ் புல்லோடு நிற்பதில்லை. வாடகைக்கு இருப்பவர் வீட்டை விடுவாரா, நாயை விடுவாரா? ராத்திரியில் காரில் ஏற்றிப் போய் ஈ.சி.ஆர். ஓரமாக இறக்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தட்டில் சாப்பிட்டுப் பழகிய ஜீவனுக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. கார் போன திசையையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

வரவு-செலவு எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு சொம்புத் தண்ணீர். மறுபக்கம் ஓர் உயிர். இந்தக் கணக்கு எந்த ஊரிலாவது டேலி ஆகுமா?