எண்ணும்போது நம் பிள்ளை, இடம் கொடுக்கும்போது யார் பிள்ளை?

ஒருகொடவத்தைப் பக்கம் கொள்கலன் முற்றங்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகளைச் சந்திக்கும்போது நாம் சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் என்ன பெறுபேறு என்றும் கேட்கிறோம். 'படிப்பு ஏறல, அதனாலதான் கொழும்புக்கு வந்தான்' என்று தோட்டத்தில் பேசப்படும் பிள்ளைகளிடமிருந்து பல தடவை ஏ, பி என்றுதான் பதில் வருகிறது. 'அப்புறம் ஏன் உயர்தரம் போகல?' என்று கேட்டால், 'எங்க ஸ்கூல்ல ஆர்ட்ஸ் மட்டுந்தான் சேர்' என்கிறார்கள்.

இந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த இதழில் பேச விரும்புகிறோம். பிள்ளைக்கு மூளை இருக்கிறது. பாடசாலையில் அந்தப் பாடம் இல்லை.

பாடசாலைகளை அரசாங்கம் வகைப்படுத்தியிருக்கும் விதத்தைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 1ஏபி என்றால் விஞ்ஞானம், கணிதம் உட்பட உயர்தரம் உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும் மட்டும். டைப் 2 பதினோராம் ஆண்டோடு முடிந்துவிடும். டைப் 3 சிறிய பிள்ளைகளுக்கானது. தோட்டப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகையைச் சேர்ந்தவை. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 முதல் நாட்டில் நடைமுறையில் இருந்தபோதும் நம் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்த முப்பது வருடப் பின்னடைவு இன்றும் பாடசாலையின் பெயர்ப்பலகையில் தெரிகிறது.

பக்கத்து டவுனில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை இருக்கலாம். ஆனால் அது சிங்கள மொழிமூலம். பதினொரு வருடம் தமிழில் படித்த பிள்ளை அங்கே போய் இணைந்த கணிதம் படிக்க முடியாது. தமிழ்மொழிமூல விஞ்ஞானப் பிரிவு வேண்டுமென்றால் ஹட்டன் ஹைலன்ஸ் போலவோ பதுளை சரஸ்வதி போலவோ ஒரு சில பாடசாலைகளைத்தான் தேட வேண்டும். அங்கே இடம் கிடைத்தாலும் விடிகாலை பஸ்ஸுக்குக் காட்டுப் பாதையில் பெண் பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? இரத்தினபுரி, கேகாலை, களுத்துறைத் தோட்டங்களில் நம்மவர் சிதறி வாழ்வதால் நிலைமை இன்னும் மோசம்.

பல்கலைக்கழக அனுமதி விஷயத்தை எல்லோரும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. மாவட்டப் பங்கு சனத்தொகையைப் பார்த்துப் பிரிக்கப்படுகிறது. அதாவது, நுவரெலியாவுக்கு எத்தனை மருத்துவ இடம், எத்தனை பொறியியல் இடம் என்று கணக்குப் போடும்போது லயத்தில் உள்ள நம் பிள்ளையும் ஒரு தலையாக எண்ணப்படுகிறது. ஆனால் அந்த இடத்துக்குப் போட்டி போட, பிள்ளை பௌதிகவியலும் இரசாயனவியலும் படித்திருக்க வேண்டுமே! படிக்க வாய்ப்பில்லாததால் அந்த இடம் அதே மாவட்டத்தில் வசதியுள்ள பாடசாலையில் படித்தவருக்குப் போகிறது. அவரிடம் நமக்குக் கோபமில்லை. நம் தலைக்கு வந்த இடம் நம் வாசலுக்கு வரவில்லை என்பதே நம் வழக்கு.

(கொழும்பில் உறவினர் வீட்டில் விட்டுப் படிக்க வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த மாவட்டக் கணக்கில் பிள்ளை சேர்வார் என்பது உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் எங்கே படித்தார் என்பதைப் பொறுத்தது. கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி நுவரெலியாவைவிட உயர்ந்தது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பாடசாலை ஆசிரியரிடம் காட்டிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.)

சரி, என்ன கேட்பது? 'எங்கள் பாடசாலையையும் 1ஏபி ஆக்குங்கள்' என்று ஒவ்வொரு தோட்டமும் தனித்தனியே மனுக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இதில் நமக்கு நம்பிக்கை குறைவு. பலகை மாறும், அமைச்சர் வந்து மாலை வாங்குவார், ஆசிரியர் வரமாட்டார். விஞ்ஞானப் பிரிவுக்கு மூன்று பாடங்களும் ஒன்றாக வேண்டும். இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் ஆள் இருந்து இணைந்த கணிதத்துக்கு இல்லையென்றால் கணிதப் பிரிவே இல்லை. ஒருவர் இடமாற்றம் வாங்கிப் போனால் மொத்த வகுப்பும் கலைப்பிரிவுக்குச் சாய்ந்துவிடும். 2015இல் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் ஆசிரியர் உதவியாளர்களை நியமித்தபோது நம் வகுப்பறைகள் நிரம்பின, அது பெரிய உதவிதான். ஆனால் உயர்தர வகுப்புக்கு அந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவர் வேண்டும். சம்பளமும் தங்குமிடமும் சரியில்லாமல் அவர் மலைக்கு ஏறமாட்டார்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான். தோட்டங்கள் உள்ள ஒவ்வொரு கல்வி வலயத்திலும் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையைப் பொதுவாகத் தெரிவு செய்து, நான்கு பாட ஆசிரியர்களையும் ஒரே தொகுதியாக அங்கே நியமிக்க வேண்டும். ஒருவர் போனால் பதிலாள் வரும்வரை விடுவிக்கக் கூடாது. அவர்களுக்கு விடுதி, தூரத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கும் விடுதி. பக்கத்துத் தோட்டங்களுக்குச் சிசு செரிய பஸ். ஐந்து பிள்ளைக்கு ஒரு வகுப்பா என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பத்துத் தோட்டத்துப் பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்த்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இதற்கு ஒரு விலை உண்டு. தன் தோட்டப் பாடசாலைக்குத்தான் வரவேண்டும் என்ற பிடிவாதத்தைத் தலைவர்மார் விடவேண்டும். எந்தச் சங்கம் வாங்கிக் கொடுத்தது என்று போஸ்டர் ஒட்டும் போட்டியையும் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும்.

பாடசாலைக்குள்ளும் ஒரு பூட்டு இருக்கிறது. சில இடங்களில் சித்தி வீதம் குறைந்துவிடும் என்ற பயத்தில், சுற்றறிக்கை கேட்பதைவிடக் கூடுதலான பெறுபேறு கேட்டுப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். தகுதியுள்ள பிள்ளையைச் சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இன்னும் கீழே போனால், ஒன்பதாம் பத்தாம் ஆண்டில் கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து யாரும் விஞ்ஞானப் பிரிவுக்கு வரப்போவதில்லை. அந்த வெற்றிடம்தான் முதலில் நிரப்பப்பட வேண்டும்.

பெற்றோருக்கும் சொல்ல இருக்கிறது. 'ஆர்ட்ஸ் படிச்சாலும் கெம்பஸ் போகலாந்தானே' என்கிறார்கள். போகலாம். கலைப்பிரிவு மட்டமானது என்று நாம் சொல்லவில்லை, இந்தத் தாளில் எழுதுகிறவர்களில் பலர் அதைப் படித்தவர்கள்தான். விரும்பி எடுப்பது வேறு, வேறு கதவில்லாமல் எடுப்பது வேறு. நாள் சம்பளம் 1,000 ரூபாவாக வருடக்கணக்கில் போராடிய குடும்பத்துக்கு இரண்டு வருட டியூஷன் காசு சுமைதான், தெரியும். இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக 1947இலிருந்து நடக்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உயர்தர மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் புலமைப்பரிசில் கொடுக்கிறது. விண்ணப்பம் கோரும்போது விட்டுவிடாதீர்கள்.

சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் சித்தியடைந்து, விஞ்ஞானப் பிரிவில் சேர விரும்பியும் இடமில்லாத பிள்ளைகளின் விபரத்தை இந்தத் தவணை நாம் திரட்டுகிறோம். பிள்ளையின் பெயர், தோட்டம், பாடசாலை, பெறுபேறு, எந்தப் பிரிவில் இப்போது இருக்கிறார் அல்லது எங்கே வேலை செய்கிறார் என்று ஒரு தாளில் எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். கொழும்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளின் பெயரையும் சேருங்கள். வலயம் வலயமாகப் பிரித்து, பெயரோடு, வலயக் கல்விப் பணிப்பாளரின் மேசைக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் கொண்டுபோகிறோம்.