தலைக்கு 20,000 யூரோ!

ஐரோப்பிய யூனியனின் 27 நாடுகளுக்குள் சரக்குக்கும் மூலதனத்துக்கும் தடை கிடையாது. யுத்தத்துக்குத் தப்பிப் படகேறி வருகிறவனை யார் ஏற்பது என்பதில்தான் ஓயாத சச்சரவு!

1990ல் கையெழுத்தான டப்ளின் உடன்பாட்டின்படி, பெரும்பாலும் அகதி முதலில் கால் வைத்த நாடே அவன் மனுவை விசாரிக்க வேண்டும். பாரம் இத்தாலி, கிரீஸ் தலையில் விழுந்தது. 2015ல் மட்டும் கடல் வழியாக 10 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அந்த இரு நாடுகளிலிருந்து 1,60,000 பேரைப் பங்கிட்டுக்கொள்வதாக யூனியன் தீர்மானம் போட்டது. பங்கிட்டதோ சுமார் 35,000 பேரை! ஹங்கேரி, போலந்து, செக் சர்க்கார்கள் மறுத்தன. அது சட்டமீறல் என்று யூனியன் நீதிமன்றம் 2020ல் தீர்ப்புச் சொன்னபோது காலம் கடந்துவிட்டது.

2024ல் புது ஏற்பாடு நிறைவேறியது. ஆளை ஏற்க மனமில்லாத நாடு பணம் கட்டலாமாம்; தலைக்கு 20,000 யூரோ என்று கணக்கு!

மனு தள்ளப்பட்டவன் எங்கே போவான்? தென் இத்தாலியின் தக்காளி வயலுக்குப் போகிறான். அங்கே ஆள் பிடித்து, கூலியில் பிடித்தம் செய்யக் கங்காணி இருக்கிறான். (அவனை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.) 2016ல் இத்தாலி அவனுக்கெதிராகக் கடுமையான சட்டம் செய்தும் அவன் ஒழியவில்லை. அந்த மலிவுக் கூலி உள்ளூர்த் தொழிலாளியின் கூலியையும் அமுக்குகிறது. அகதியை விரட்டு என்று கூச்சலிடுவோர், அவனைப் பிழியும் பண்ணை முதலாளியைப் பற்றி வாய் திறக்கக் காணோம்.

காகிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வயலில் நிற்பவனுக்கு ஒரே கூலி, சங்கம் சேரும் உரிமை: 27 நாடுகளும் கூடி எழுதவேண்டிய முதல் ஷரத்து இதுவே என்கிறோம் நாம்.