ஏலம் கூறுமுன்

மலைநாட்டு லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர்க்குப் பெரும்பாலும் உறுதி என ஒன்று இருந்ததில்லை. உறுதியற்ற வீட்டை வங்கி ஈடாக ஏற்பதுமில்லை. ஆதலின் அவர்தம் அவசரமெல்லாம் நகை அடகோடு நின்றது. அட்டனிலோ நுவரெலியாவிலோ சில பேர்ச் நிலம் வாங்கி, வங்கிக் கடனில் வீடு எழுப்பியவர்க்கு அதுவே குடும்பத்தின் முதல் உறுதியாக இருக்கக்கூடும். தவணை தவறினும் அதனை விற்க மனம் இசையாமை இயல்பே.

ஆயினும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் மனநிலை பார்ப்பதன்று. நீதிமன்றம் செல்லாமலே, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தைக் கொண்டு, ஈட்டுச் சொத்தைப் பகிரங்க ஏலத்தில் விற்க அது வங்கிக்கு அதிகாரம் அளிக்கிறது. வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். (அதனை அயலார் நமக்கு முன்னரே படித்துவிடுவர்!) 2024இல் இவ்வதிகாரம் சிலகாலம் இடைநிறுத்தப்பட்டது, கடன் நீங்கிற்றில்லை.

ஏல நாளுக்கு முன் முதலும் வட்டியும் செலவும் செலுத்தப்படின் விற்பனை நின்றுவிடும். அவ்விடைவெளியையே நாம் வற்புறுத்துகிறோம். தீர்மானம் வருமுன்னரே முகாமையாளரைக் கண்டு, தாமே விற்க இசைவு கேட்பது நன்று. ஏலத்துக்கு வருபவர் மலிவை நாடுவர். நாம் தேடிய ஆளோ வீட்டைப் பார்த்து விலை சொல்வார். அவர் பணம் நேரே வங்கிக்குச் செல்ல, அன்றே நொத்தாரிசு முன்னிலையில் ஈடு விடுவிப்பும் விற்பனை உறுதியும் நிறைவேறலாம்.

விலை கடனுக்குப் போதாவிடின்? மீதியைத் தள்ளுவதும் தவணையாக்குவதும் வங்கியின் விருப்பம். வாய்ச்சொல்லை நம்பி ஒப்பமிடவேண்டா, கடிதம் பெறுக. அன்றேல் வீடு போனபின்னும் மீதிக்கு வழக்கு வரலாம். மிஞ்சும் பணமோ விற்றவர்க்கே உரியது.