திட்ட அறிக்கையில் எழுதப்படாத சாதி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர் என் நண்பர். தோல் செருப்பு தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்க முடிவு செய்தார். வங்கியில் திட்ட அறிக்கை கேட்டார்கள். ஒரு ஏஜெண்டிடம் 5,000 ரூபாய் கொடுத்து வாங்கிக் கொடுத்தார். அதன் ஒன்பதாம் பக்கத்தில் 'பேக்கரிப் பொருட்களின் தேவை அதிகரித்து வருகிறது' என்று இருந்தது. அறிக்கை திரும்பி வந்தது.

"பி.எச்டி. படிக்கிறியே, இதை எழுத மாட்டியா?" என்று என்னிடம் கொண்டுவந்தார். இரண்டு வாரம் சேர்ந்து உட்கார்ந்தோம். சாதி பற்றி நான் வாசித்த பல கட்டுரைகளைவிட அந்தப் படிவம் அதிகம் கற்றுக்கொடுத்தது.

முதலில் 'அனுபவம்'. தோலைத் தொடுகிறவர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த சமூகத்தின் கைத்திறனுக்கு இங்கே சான்றிதழ் வேண்டும். கம்பெனி எதுவும் தரவில்லை. பி.எஃப். பாஸ்புக்கை இணைத்தோம், பன்னிரண்டு வருடமும் அதில் பதிவாகியிருந்தது.

அடுத்து 'சொந்தப் பங்களிப்பு'. தாத்தாவின் நிலமோ மாமனாரின் கடையோ உள்ளவர் ஒரு வரியில் நிரப்பிவிடுவார். நண்பரிடம் இருந்தது மனைவியின் நான்கு பவுன்.

உண்மையான சிக்கல் நடைமுறை மூலதனத்தில்தான் இருந்தது. ஏஜெண்டின் கணக்குப்படி தோல் 30 நாள் கடனுக்குக் கிடைக்கும், செருப்பு விற்ற காசும் 30 நாளில் வந்துவிடும். மாதம் 2 லட்சத்துக்குச் சரக்கு, 80 ஆயிரம் கூலி என்றால் கையில் 80 ஆயிரம் இருந்தால் போதும். ஆனால் சந்தையில் கடன் சொந்தக்காரருக்கும் சொந்த சாதிக்காரருக்கும்தான். நண்பரிடம் ரொக்கம் கேட்கிறார்கள். செருப்பை எடுக்கும் கடைக்காரரோ 60 நாள் கழித்தே பணம் தருகிறார். இரண்டு மாதச் சரக்கு, இரண்டு மாதக் கூலி: 5 லட்சத்து 60 ஆயிரம் தேவை. 80 ஆயிரத்துக்குத் திட்டம் போட்டிருந்தால் மூன்றாம் மாதம் கந்துவட்டிக்காரர் வாசலில்தான் நின்றிருப்பார். அப்போது எல்லோரும் "இவங்களுக்கு வியாபாரம் வராது" என்று சொல்லியிருப்பார்கள்.

45 நாளுக்குள் சிறு உற்பத்தியாளருக்குப் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சட்டம். உண்மைதான். ஆனால் இருக்கிற நான்கு கடைகளில் ஒன்றின்மீது புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் யார் தருவார்கள்? அதனால் 60 நாள் என்றே எழுதினோம். வங்கிக்குப் பிடித்த எண்ணை எழுதிக் கடன் வாங்கிவிடலாம், ஆனால் தவணை கட்டப்போவது நாம்தான்.

'ஒரு தலித் முதலாளி உருவானால் சாதி ஒழிந்துவிடுமா?' என்று தோழர்கள் கேட்பார்கள். ஒழியாது. இந்தச் செருப்புப் பட்டறையில் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று நாளை நாம் கேட்கவும் வேண்டும். ஆனால் வங்கிக் கதவு மூடினால் அவர் புரட்சிக்குப் போகப்போவதில்லை, பழைய மெஷினுக்குத்தான் திரும்பிப் போவார்.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத முதலீட்டு மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. அவற்றையெல்லாம் போராடித்தான் பெற்றிருக்கிறோம். ஆனால் அந்தப் பணத்துக்கும் நம் மக்களுக்கும் நடுவில் இந்த அறிக்கை நிற்கிறது. அதை எழுதும் வேலையை ஏஜெண்டுகளிடம் விட்டுவிட்டோம்.

வன்கொடுமை வழக்குக்குப் புகார் எழுதித் தர நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். அம்பேத்கர் படிப்பகங்களில் மாலையில் போட்டித்தேர்வு வகுப்பு நடக்கிறது. அதே மேசையில் வாரம் ஒருநாள், வணிகவியல் படித்த இரண்டு பேர் உட்கார்ந்து திட்ட அறிக்கை எழுதித் தரலாம். மாவட்டத் தொழில் மையத்துக்குக் கூடவே போய் வரலாம். வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கலாம்.

நண்பரின் விண்ணப்பம் இப்போது மறுபடியும் வங்கியில் இருக்கிறது. இந்த முறை அதில் பேக்கரி இல்லை.