பெரியவர்களும் கட்டட்டும்

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறவன் நான். வீட்டு மேசையில் லெகோ டெக்னிக்கின் புகாட்டி சிரோன் பாதி கட்டிய நிலையில் இருப்பதைப் பார்த்து, "இந்த வயசுல பொம்மையா சார்?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

2018இல் வந்த தொகுப்பு இது. அசல் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு, 3,599 துண்டுகள். எட்டு கியர் கொண்ட கியர் பாக்ஸ்தான் இதன் உயிர். ஸ்டீயரிங்கை ஒட்டியுள்ள நெம்புகோலைத் தட்டினால் கியர் மாறும். பின்சக்கரத்தைக் கையால் உருட்டிப் பாருங்கள்: முதல் கியரில் பதினாறு பிஸ்டன்களும் படபடவென ஏறி இறங்கும், சக்கரமும் விரலை எதிர்க்கும், எட்டாவதில் அதே உருட்டலுக்கு நிதானமாக அசையும். கரும்பலகையில் கியர் விகிதத்தை எழுதி நான் ஒரு மணி நேரம் விளக்குவது விரலுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடுகிறது.

உள்ளே ஒரு பற்சக்கரம் இடம் மாறினால், மேலே எல்லாம் மூடிய பிறகுதான் தெரியும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் சுழற்றிப் பார்த்துவிட்டே நகர வேண்டும். பட்டறையில் இந்தப் பழக்கம் உள்ளவனைத்தான் நல்ல மெக்கானிக் என்போம்.

விலை அதிகம், மறுக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். கட்டியவர் பிரித்து அடுத்தவருக்குக் கொடுக்கட்டும்; கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆட்டோமொபைல் துறை உள்ள கல்லூரிகள் ஆய்வகத்துக்கு ஒன்றாவது வாங்க வேண்டும், மாணவர்கள் கைபடும் இடத்தில்.